நோயாளியின் சொல்லே முதற்பாடம்

மருத்துவத்தை எவ்வாறு கற்பது என்னும் வினா, மருத்துவத்தைப் போலவே தொன்மையானது. நூல்களை முற்றக் கற்றபின் நோயாளியிடம் செல்வது ஒரு நெறி. முதலில் நோயாளியைக் கண்டு, அவர் எழுப்பும் வினாக்களைச் சுமந்துகொண்டு நூல்களிடம் வருவது மற்றொரு நெறி. இவ்விரண்டுக்கும் இடையே நெடுங்காலமாக நடைபெற்றுவரும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 1969-ஆம் ஆண்டு கனடா நாட்டில் இரண்டாவது நெறி, ‘சிக்கல்வழிக் கற்றல்’ என்னும் பொருளுடைய பெயரைப் பூண்டு புதிதாய்ப் பிறந்தது. அதனைப் புதுமை என்று போற்றியோரும் உண்டு. விளையாட்டு என்று எள்ளியோரும் உண்டு. சற்றே பின்னோக்கிச் சென்று நோக்கினால், மருத்துவக் கல்வி தான் மறந்துபோன ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்த வரலாறே அது என்பது விளங்கும். மறக்கப்பட்டது நோயாளியின் சொல். சொல்லையே செல்வமாகக் கொண்ட இலக்கிய அன்பர்க்கு அவ்வரலாறு அயலானதன்று.

மதிலோரத்தில் வாழ்ந்தவர்

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல் தொகுதியில் ‘எப்பிடமிக்ஸ்’ எனப்படும் ஏழு பகுதிகள் உண்டு. அவற்றுள் முதற் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் 42 நோயாளிகளின் வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. முதலாமவர் பெயர் பிலிஸ்கஸ், மதிலோரத்தில் வாழ்ந்தவர். முதல் நாள் கடுங்காய்ச்சல், வியர்வை, துயரமான இரவு; அடுத்தடுத்த நாள்களில் உறக்கமின்மை, பிதற்றல், கருமை படிந்த சிறுநீர்; ஆறாம் நாள் நண்பகலளவில் மரணம். வேறொருவர் ஒரு தோட்டத்தில் நோயுற்றுக் கிடந்தவர். இன்னார், இன்ன இடத்தில் இருந்தார், இன்ன நாளில் இது நிகழ்ந்தது என்று மட்டுமே சொல்லிச் செல்கிறது அந்நடை. தற்புகழ்ச்சி இல்லை, மழுப்பல் இல்லை. 42 பேருள் 25 பேர் மாண்டனர் என்பதையும் அவ்வேடு மறைக்கவில்லை. வென்றவற்றை மட்டும் எழுதும் வழக்கமுடைய உலகில், தோற்றவற்றையும் பிறர் கற்பதற்காக எழுதி வைத்த அந்த நேர்மையே நோயாளர் வரலாறு என்னும் எழுத்து வகைக்கு வித்தாயிற்று.

ஆயினும் அவ்வித்து நெடுங்காலம் உறங்கிற்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் உயர்ந்த பீடத்தில் அமர்ந்து காலன் முதலிய முன்னோர் நூல்களுக்கு உரை சொன்னார், மாணவர் செவிமடுத்தனர். நோயாளி அவ்வறைக்கு வெளியே இருந்தார்.

பன்னிரண்டு கட்டில்கள்

நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகரில் 1714-ஆம் ஆண்டு ஹெர்மன் போயர்ஹாவே (1668–1738) என்னும் பேராசிரியர் கட்டிலோரக் கல்வியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். அங்கிருந்த சிறு மருத்துவமனையில் கற்பித்தலுக்கென ஒதுக்கப்பட்டவை 12 கட்டில்கள்; ஆடவர்க்கு ஆறு, மகளிர்க்கு ஆறு. அந்தப் பன்னிரண்டு கட்டில்களைச் சுற்றி நிற்க ஐரோப்பாவெங்கணுமிருந்து மாணவர் திரண்டனர். 1726-இல் எடின்பரோவில் மருத்துவப் புலம் தோன்றியபோது அதன் முதற் பேராசிரியர்கள் அவரிடம் பயின்றவர்களே.

அவர் 1724-இல் வெளியிட்ட ஒரு நோயாளர் வரலாறு இன்றளவும் பேசப்படுகிறது. கடற்படைத் தளபதி வாசனார் பெருவிருந்து உண்டார். பின்பு வயிற்று மந்தம் தீர வாந்தி மருந்து அருந்தினார். குமட்டலின் நடுவே பொறுக்கவொண்ணா வலி தாக்கியது. வயிற்றின் மேற்புறத்தே ஏதோ கிழிந்துவிட்டது என்று அவரே கதறினார். போயர்ஹாவே விரைந்து வந்தார். தாம் கற்ற அனைத்தையும் கொண்டு முயன்றும் நோய் இன்னதென்று அறிய இயலவில்லை. தளபதி இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது உணவுக்குழாய் கிழிந்திருந்தது; அவர் உண்ட வாத்து இறைச்சியின் மணம் மார்புக் கூட்டிலிருந்து எழுந்தது. நோயாளி தம் வாயால் சொன்னதே உண்மை. மருத்துவர் அதனைப் பிணத்தில்தான் படித்தார். புகழின் உச்சியிலிருந்த பேராசிரியர் இதனை மறைக்காமல் எழுதினார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பாஸ்டன் நகர விடுதியறை

நோயாளியின் கட்டிலே வகுப்பறை என்னும் கொள்கையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர் (1849–1919). 1893-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் மாணவர்களை அவர் நோயாளர் கூடங்களுக்குள் அழைத்துச் சென்றார். மாணவர்க்கு அங்கே கற்பித்தவர் என்பதைத் தவிர வேறு கல்லறை வாசகம் தமக்கு வேண்டா என்று கருதியவர் அவர்.

எல்லாக் கல்லூரிகளுக்கும் ஓர் ஆஸ்லர் வாய்க்கவில்லை. ஹார்வர்டில் வால்ட்டர் கேனன் என்னும் மருத்துவ மாணவர் நீண்ட சொற்பொழிவுகளால் சோர்ந்திருந்தார். அவருடைய அறைத்தோழரோ சட்டம் பயின்றவர். விடுதியிலும் தம் நண்பர்களோடு வழக்குகளைப் பற்றி உற்சாகமாக வாதிட்டுக்கொண்டிருந்தார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870 முதல் லாங்டெல் என்பவர் உண்மையான வழக்குகளைக் கொண்டே சட்டம் கற்பிக்கும் முறையைப் புகுத்தியிருந்தார். வழக்கைக் கொண்டு சட்டம் கற்கலாமெனில், நோயாளர் வரலாற்றைக் கொண்டு மருத்துவம் கற்கலாகாதா என்று கேனன் வினவினார். 1900-ஆம் ஆண்டு சனவரியில் பாஸ்டன் மருத்துவ இதழில் அவர் அதனைக் கட்டுரையாக எழுதினார். அப்போது அவர் இன்னும் மாணவரே. பின்னாளில் உலகறிந்த உடலியங்கியல் அறிஞரானார்.

அதே நகரில் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஒரு புதுவகை அரங்கை 1910-இல் தொடங்கினார். முடிவு அறியாத மருத்துவர் ஒருவர் நோயாளர் வரலாற்றை மட்டும் கேட்டு, தாம் எண்ணும் நோயை அனைவர் முன்னும் காரணத்தோடு கூறுவார். பின்னர் பிணச்சோதனையின் முடிவு அறிவிக்கப்படும். மூத்தவர் தவறுவதை இளையவர் நேரில் கண்டு கற்கலாயினர். 1912-இல் கேபட், மூவாயிரம் பிணச்சோதனைகளை முன்வைத்து, மருத்துவர்தம் கணிப்புகள் எவ்வெவ்விடங்களில் தவறின என்று எழுதினார். பிலிஸ்கசின் மரணத்தை எழுதிய பழங்கை மீண்டும் எழுதத் தொடங்கியது போலும்.

ஆனால் காலம் வேறு பக்கம் திரும்பியது. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா நாடுகளின் 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். பணத்திற்குப் பட்டம் விற்ற பல பள்ளிகள் மூடப்பட்டன; அது நன்மையே. முதல் இரண்டு ஆண்டு அறிவியல், அடுத்த இரண்டு ஆண்டு மருத்துவமனை என்னும் பாடத்திட்டமும் எங்கும் வேரூன்றியது. அறிவியல் பெருகப் பெருக முதல் இரண்டு ஆண்டுகள் மனப்பாடச் சுமையால் கனத்தன. மாணவர் உயிருள்ள நோயாளியைச் சந்திக்கு முன்னரே உயிரற்ற உடலோடு நெடுநாள் பழக வேண்டியதாயிற்று.

ஹாமில்டனில் ஒரு தொடக்கம்

கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் புதிய மருத்துவப் பள்ளியைத் திட்டமிட்டபோது, 1965-இல் ஜான் எவன்ஸ் என்னும் இளம் மருத்துவர் அதன் முதல் முதன்மையராகப் பொறுப்பேற்றார். ஆஸ்லர் சிறுவனாய் வளர்ந்த டண்டாஸ் என்னும் ஊர் அதற்கு அண்மையிலேயே உள்ளது. 1969-இல் ஏறத்தாழ இருபது மாணவரோடு வகுப்புகள் தொடங்கின. மூன்றாண்டுப் படிப்பு, சொற்பொழிவுகள் மிகக் குறைவு, வழக்கமான தேர்வுகள் இல்லை. சிறு குழுவாய் அமர்ந்த மாணவர்க்கு முதல் வாரத்திலேயே ஒரு நோயாளரின் சிக்கல் தரப்பட்டது.

அம்முறை இயங்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 58 அகவை நிறைந்த ஒருவர் வருகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது, மாலையில் கால்கள் வீங்குகின்றன என்கிறார். மாணவர்க்கு இதய நோய் பற்றி இன்னும் எதுவும் கற்பிக்கப்படவில்லை. படுப்பதற்கும் மூச்சுக்கும் என்ன உறவு? வீக்கம் ஏன் காலில் தோன்ற வேண்டும்? ஏன் மாலையில்? குழு தனக்குத் தெரிந்ததைத் தொகுக்கிறது, தெரியாததைப் பட்டியலிடுகிறது, கற்க வேண்டியவற்றைப் பங்கிட்டுப் பிரிகிறது. சில நாள் கழித்து, இதயத்தின் இயக்கம், நுரையீரல் நாளங்களின் அழுத்தம், சிறுநீரகம் உப்பைத் தேக்கும் விதம் ஆகியவற்றைக் கற்றுத் திரும்புகிறது. ஆசிரியர் விடை சொல்வதில்லை. வினா தடம் புரளாமல் காப்பதே அவர் பணி. உடற்கூறும் உடலியங்கியலும் வேதியியலும் தனித்தனிப் பாடங்களாக வாராமல் ஒரு மனிதரின் மூச்சுத் திணறலுக்கு விடையாக வந்து சேர்கின்றன.

நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் 1974-இலும், ஆஸ்திரேலியாவின் நியூகாசில் 1978-இலும் இந்நெறியை ஏற்றன. 1985-இல், கேனன் சோர்ந்திருந்த ஹார்வர்டும் ‘புதிய பாதை’ என்னும் பெயரில் இதன்பால் திரும்பியது. மெக்மாஸ்டரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், ராபின் டாம்பிளினோடு இணைந்து 1980-இல் எழுதிய நூல் இதற்கு இலக்கணம் வகுத்தது.

காகித நோயாளி

புகழ்ச்சி மட்டும் கூறுவது வரலாறாகாது. 1978-இல் எல்ஸ்டைன், ஷுல்மன், ஸ்பிராப்கா ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சிக்கலைத் தீர்க்கும் பொதுத்திறன் என்று தனியே ஒன்று இல்லை எனக் காட்டியது. ஒரு நோயில் வல்லவர் மற்றொரு நோயில் தடுமாறுவார். அந்தந்த நோயைப் பற்றிய அறிவே திறனுக்கு அடிப்படை. 1993-இல் வெளிவந்த திறனாய்வுகள், இம்முறையில் பயின்றோர் படிப்பில் மகிழ்ச்சியும் நோயாளரை அணுகுவதில் திறனும் சற்று மிகுந்தவர் என்றும், அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சிலவிடங்களில் பின்தங்கினர் என்றும் கூறின. மெக்மாஸ்டரும் தன் மாணவர் உரிமத் தேர்வில் பின்தங்கியதைக் கண்டு, 1990-களில் முன்னேற்றத் தேர்வு ஒன்றைப் புகுத்தியது. தேர்வின்மை கொள்கையாயிருந்த இடத்தில் இது சிறிய மாற்றமன்று.

இவற்றினும் ஆழமான குறை ஒன்றுண்டு. குழுவின் முன் வைக்கப்படும் நோயாளி பெரும்பாலும் காகிதத்தில் இருப்பவர். அவருடைய தயக்கம், தேவையற்றதுபோல் தோன்றும் பேச்சு, அச்சத்தால் விழுங்கிய வாக்கியம் ஆகியவை முன்பே நீக்கப்பட்டு, வினாவுக்கு வேண்டிய செய்திகள் மட்டும் எஞ்சுகின்றன. பாரோஸ் இதனை உணர்ந்தவர். 1963-லேயே அவர், நோயாளியைப்போல் நடிக்க ஒரு பெண்ணைப் பயிற்றுவித்து மாணவர் முன் நிறுத்தினார். எனினும் நடிப்பவரும் எழுதித் தந்த வரலாற்றையே சொல்கிறார். வாசனாரின் கதறல் எந்தக் காகிதத்திலும் முன்கூட்டி எழுதப்பட்டதன்று.

எந்த மொழியில் நோகிறது?

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு புகுத்தப்பட்ட திறன்சார் பாடத்திட்டம், முதலாண்டு முதலே மாணவர் நோயாளரைச் சந்திக்க வேண்டும் என்று விதித்தது. தமிழகக் கல்லூரிகளும் இதற்கு உட்பட்டவை. அவ்வாறு சந்திக்கும் மாணவர், நோயாளி தமிழில் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். நோயாளர் வரலாற்றின் முதல் வரியே மொழிபெயர்ப்பு ஆகிவிடுகிறது.

‘மயக்கமாக வருகிறது’ என்று ஒருவர் சொன்னால், தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவு தப்புகிறதா, உடல் சோர்கிறதா? கேட்டுத் தெளியாமல் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்தால், நோயும் தவறான அறையில் அடைபடும். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, விண்விண்ணென்று தெறித்தல் என நம் மக்கள் வலியை வகுத்தே சொல்கின்றனர். விரைந்தோடும் பேனாவில் அவையனைத்தும் ‘பெயின்’ என்ற ஒன்றாகச் சுருங்கிவிடக்கூடும்.

இதனை நன்குணர்ந்த ஒருவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றினார். அமெரிக்காவிலிருந்து 1847-இல் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884), 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ (1867) முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அவர்தம் மாணவர் எந்த மொழியில் கற்றனரோ அந்த மொழியிலேயே நோயாளியும் பேசினார்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ரொனால்டு மெல்சாக், வலியுற்றோர் வழங்கும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 பிரிவுகளாக வகுத்து, 1975-இல் ஒரு வினாப்பட்டியலாக வெளியிட்டார். சொற்களைக் கேட்டே வலியின் தன்மையை அளக்க முற்பட்ட அம்முயற்சி உலக மருத்துவமனைகளிலெல்லாம் பயன்பட்டது. உளவியல் அறிஞர் செய்த அவ்வேலையில் பாதி, புலவர் செய்யத்தக்க வேலை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தார்க்கு இக்கட்டுரை முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம் ஊர்களில் முதியோரும் தாய்மாரும் உழவரும் தம் நோவைச் சொல்ல வழங்கும் சொற்களை, சொல்லுவோர் நாவில் உள்ளபடியே, ஊரும் பொருளும் குறித்துத் தொகுப்போம். வட்டாரந்தோறும் மாறும் அச்சொற்கள் இன்னும் சொல்லுவோர் உள்ளபோதே ஏட்டில் ஏற வேண்டும். முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் அரசு மருத்துவமனைக் கட்டிலருகே முதன்முறை நிற்கும் நாளில், அச்சிறு தொகுப்பு அவர் சட்டைப்பையில் இருக்குமாயின், எதிரில் படுத்திருப்பவர் சொல்வது அவருக்குச் சற்றுத் தெளிவாகவே கேட்கும்.