ஒரு பீடம், இரண்டு கூடம்

உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபத்தை மக்களாட்சிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வரி கட்டும் நிலம், சொந்த மனை, வேதக்கல்வி இருப்பவன் பெயர்தான் குடவோலையில் போகும் என்று அதே சுவரில் வெட்டியிருக்கிறது. சேரிக்காரன் பெயருக்கு அங்கே ஓலை ஏது? தோழர்களே, எந்தக் கட்டடமானாலும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: யாரை உள்ளே விட்டது, எங்கே நிறுத்தியது?

தெற்கே திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் எழுத்தில்லாமலே இதற்குப் பதில் சொன்னது. விக்டோரியா மகாராணி காலம், ஐரோப்பியக் குருக்கள். வரைபடம் மட்டும் நம்மூர்ச் சாதியுடையது. ஒரே பீடம், அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்கள்போல் இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்றில் வேளாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும், மற்றதில் நாடார்களும் பிறரும். நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும். ஒரு கூட்டத்துக்கு மற்றது தெரியாது. கொத்தனாரின் திறமையைக் குறை சொல்ல முடியாது!

1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். நெடுநாள் வழக்கம் என்று சொல்லி வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்த சுவர் நம் காலம்வரை நின்றது.

பழைய கோயில்களுக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைப்பவர்கள், கட்டிய ஆண்டுக்குப் பக்கத்திலேயே சுவர் இடிந்த ஆண்டையும் எழுதட்டும்.