பாங்காக்கில் இங்கிலீஷ் டீச்சர் வேலையா? ரூம் தேடும் முன் பள்ளி வாசல் எங்கேன்னு கேளுங்க!

ஜூம் இன்டர்வியூ முடிஞ்சாச்சு. டிகிரி சர்டிஃபிகேட், டோயிக் ஸ்கோர் எல்லாம் அனுப்பியாச்சு. பாங்காக்கில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கன்ஃபர்ம். அடுத்து என்ன செய்வீங்க? யூடியூபைத் திறந்து 'பாங்காக்கில் தங்க பெஸ்ட் ஏரியா'ன்னு தேடுவீங்க. அங்கே ஒருத்தர் மொட்டை மாடி நீச்சல் குளத்தில் காலை நனைச்சுக்கிட்டே தொங் லோ, எக்கமாய்னு பெயர்களை அடுக்குவார். அவர் ரூமில் உட்கார்ந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர். நீங்கள் காலை ஏழரைக்குப் பள்ளிக்குள் இருக்க வேண்டியவர்.

தாய்லாந்துப் பள்ளிகளில் சரியாக 8 மணிக்குக் கொடியேற்றி தேசிய கீதம் பாடுவார்கள். டீச்சர்கள் அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு, மைதானத்தில் பிள்ளைகளோடு நிற்கணும். வாரத்தில் ஐந்து நாள், மே மாதம் தொடங்கி மார்ச் வரை. அதனால் உங்களுக்கு 'பெஸ்ட் ஏரியா' எதுங்கிறதை கஃபேக்கள் முடிவு பண்ணாது. பள்ளி கேட்தான் முடிவு பண்ணும்.

லாங்குவேஜ் சென்டரில் வேலை என்றால் கணக்கே தலைகீழ். பள்ளி, ஆபீஸ் விட்டு வருபவர்களுக்கு மாலையில் வகுப்பு, சனி, ஞாயிறு முழு நாள் வேலை. இந்த சென்டர்கள் பெரும்பாலும் ரயில் ஸ்டேஷனை ஒட்டிய மால்களுக்குள் இருக்கும். இரவு வகுப்பு முடிந்தாலும் நள்ளிரவு வரை ரயில் ஓடுவதால், நீங்கள் கொஞ்சம் தள்ளித் தங்கலாம். பள்ளி டீச்சருக்கு அந்தச் சலுகை இல்லை.

'பாங்காக்' என்றால் பாங்காக்தானா?

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். ஆஃபர் லெட்டரில் 'பாங்காக்' என்று இருக்கும். பள்ளி இருப்பது நொந்தபுரியிலோ, பதும் தானியிலோ, சமுத் பிராகானிலோ இருக்கும். இவை பாங்காக்கை ஒட்டிய தனி மாகாணங்கள். இன்னொரு சிக்கல், ஏஜென்சி. தாய்லாந்தில் பல பள்ளிகள் வெளிநாட்டு டீச்சர்களை ஏஜென்சி மூலமாகத்தான் எடுக்கின்றன. கான்ட்ராக்டில் இருப்பது ஏஜென்சியின் ஆபீஸ் முகவரி. அதை நம்பி பக்கத்திலேயே ஒரு வருஷத்துக்கு ரூம் எடுத்துவிட்டு, முதல் நாள் காலையில் பள்ளி நகரத்தின் மறு கோடியில் இருக்கிறது என்று தெரிந்தால்?

எனக்கு இது நல்லா புரியும். சென்னைக்கு வந்த புதிதில், ஆபீஸ் எங்கேன்னு சரியா கேட்காமல் தாம்பரத்தில் பி.ஜி. எடுத்துவிட்டு, தினமும் அம்பத்தூருக்குப் போய் வந்தவள் நான். மூணு மாசம் தாக்குப்பிடித்தேன். அட்வான்ஸில் பாதி போச்சு. அதாவது நம்ம ஊர், நமக்குத் தெரிந்த மொழி. பாங்காக்கில் ஹவுஸ் ஓனரிடம் சண்டை போடக்கூட மொழி தெரியாது.

அதனால் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'நான் பாடம் எடுக்கப்போகும் பள்ளியின் பெயர் என்ன, கூகுள் மேப்பில் அதன் லொகேஷன் அனுப்ப முடியுமா?' என்பதுதான். 'வந்த பிறகு சொல்கிறோம்' என்று பதில் வந்தால், டிக்கெட் போடாதீங்க. இது வெறும் டிராவல் டைம் விஷயம் இல்லை. பாங்காக்கில் வேலை என்று நம்பிப் போன நம்ம ஊர் இளைஞர்கள், எல்லையைத் தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோகப்பட்டு, சைபர் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய கதை 2022-ல் வெளியே வந்தது. மீட்கப்பட்டு சென்னைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அந்த விளம்பரங்கள் பெரும்பாலும் ஐ.டி, டேட்டா என்ட்ரி வேலைக்கானவை. ஆனால் முகவரியைச் சொல்லாமல் மழுப்பும் எந்த வேலைக்கும் இது பொருந்தும். டூரிஸ்டாக வாங்க, விசா அப்புறம் பார்த்துக்கலாம் என்பதும் அதே ரகம். வேலைக்கு நான்-இமிக்ரன்ட் பி விசாவும், வொர்க் பெர்மிட்டும் வேணும்.

ரயில் கோட்டைப் பிடிச்சுக்கோங்க

பள்ளி எங்கேன்னு தெரிந்துவிட்டதா? இப்போது மேப்பைத் திறக்கலாம். பாங்காக் டிராஃபிக்கில் பஸ்ஸையோ டாக்ஸியையோ நம்பி ஏழரை மணி டியூட்டிக்குப் போக முடியாது. பி.டி.எஸ். என்கிற மேம்பால ரயில், எம்.ஆர்.டி. என்கிற மெட்ரோ, இந்த இரண்டும்தான் கதி. பள்ளி எந்தப் பாதையில் இருக்கிறதோ, அதே பாதையில் ரூம் தேடுங்க. பாதை மாறினால் நேரம் மட்டும் இல்லை, பெரும்பாலும் டிக்கெட்டும் புதிதாக எடுக்கணும். போக வர ஒரு நாளைக்கு 100 பாட் ஆனால், மாசம் 22 வேலை நாளுக்கு 2,200 பாட். வாடகையில் மிச்சம் பிடித்ததை ரயிலில் கொட்டக் கூடாது.

டீச்சர்கள் மத்தியில் அடிக்கடி அடிபடும் பெயர் ஓன் நுட். 1999-ல் பி.டி.எஸ். தொடங்கியபோது சுகும்வித் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் இதுதான். 2011-ல் பேரிங் வரைக்கும், 2017-18-ல் சமுத் பிராகானுக்குள்ளும் ரயில் நீண்டது. பொதுவாக நகர மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வாடகை இறங்கும். ஓன் நுட்டில் சுமாரான ஸ்டூடியோ ரூம் 8,000 முதல் 12,000 பாட் வரை சொல்வார்கள். இன்னும் மூணு முதல் ஐந்து ஸ்டேஷன் தள்ளி உடோம் சுக், பேரிங் போனால் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஆரி அழகான ஏரியா, மரங்கள், குட்டிக் கடைகள் எல்லாம் இருக்கு. ஆனால் முதல் வருஷ டீச்சர் சம்பளத்துக்கு எட்டாது என்பேன். தொங் லோவை இன்ஸ்டாகிராமில் பார்த்துக்கலாம்.

வடக்கே, கிழக்கே பள்ளி கிடைத்தால் லாட் ப்ராவ், பாங் கபி பக்கம் பாருங்க. 2023-ல் மஞ்சள் லைன் மோனோரயில் வந்த பிறகு அந்தப் பக்கம் போக்குவரத்து மாறியிருக்கு. ராம்கம்ஹேங், பல்கலைக்கழகம் இருக்கும் ஏரியா. மாணவர்களுக்கான சீப் ரூம், சாப்பாடு எல்லாம் உண்டு. சென் சேப் கால்வாயில் ஓடும் படகு, டிராஃபிக்கில் மாட்டாமல் நகரத்துக்குள் கொண்டுபோய் விடும். ராத்திரி லேட்டாக படகு இருக்காது, அதை மறக்க வேண்டாம்.

இன்னொரு உஷார். 'பி.டி.எஸ். அருகில்' என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீங்க. மெயின் ரோட்டிலிருந்து கிளைக்கும் சந்துகளுக்கு அங்கே 'சோய்' என்று பெயர். சந்து என்றால் நம்ம ஊர் சந்து இல்லை. ஓன் நுட் சோய், அதாவது சுகும்வித் சோய் 77, கிலோமீட்டர் கணக்கில் நீளும். உள்ளே தள்ளி ரூம் எடுத்தால், ஸ்டேஷனுக்கு வரவே ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பைக் டாக்ஸிக்குத் தினமும் காசு. மழைக்காலத்தில் தாழ்வான சோய்களில் தண்ணீர் நிற்கும். பள்ளி திறக்கும் மே மாதமே மழையும் தொடங்கும். ரூம் பார்க்கும்போது ஸ்டேஷன் படியிலிருந்து நடந்தே போய்ப் பாருங்க, மொபைலில் டைமர் ஓடட்டும்.

சைவம் என்றால், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று தாய் மொழியில் எழுதிய கடை பக்கத்தில் இருக்கான்னு பார்த்துக்கோங்க. மீன் சாஸ் இல்லாத சாப்பாடு அங்கே அபூர்வம். சாம்பார் பொடி, பருப்புக்கு பஹுரத். எம்.ஆர்.டி. சாம் யோட் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். சீலோம் ரோட்டில், 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கு. விஜயதசமி அன்று அந்த ரோட்டையே அடைத்து ஊர்வலம் போகும், தாய் மக்களும் கூட்டமாக வருவார்கள். அதுக்காக சீலோமில் ரூம் எடுக்க வேண்டாம். அது பேங்க்குகளும் ஆபீஸ்களும் இருக்கும் காஸ்ட்லி ஏரியா. லீவு நாளில் போய் வரலாம்.

கையெழுத்துக்கு முன்

போனதும் ஒரு வருஷ கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதீங்க. முதல் ரெண்டு வாரம் பள்ளிக்குப் பக்கத்தில் ஹாஸ்டலோ, மாத வாடகை அபார்ட்மென்ட்டோ போதும். எடுக்க நினைக்கும் ரூமிலிருந்து பள்ளிக்கு, ஒரு வேலை நாள் காலை ஆறரைக்குக் கிளம்பிப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்து, இருபதே நிமிஷம்தான்னு சந்தோஷப்பட்டவர்கள் திங்கட்கிழமை அழுவார்கள்.

பணம்? வழக்கமாக ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச முன்வாடகை. 8,000 பாட் ரூமுக்கு முதல் நாளே 24,000 பாட் கையில் வேணும். முதல் சம்பளமோ மாசக் கடைசியில்தான். இந்தக் காசை ஊரிலிருந்தே எடுத்துட்டுப் போகணும். கரன்ட் யூனிட் என்ன ரேட்டுன்னும் கேளுங்க. காண்டோவில் மின் வாரிய பில் நேரடியாக வந்தால் யூனிட் 4 பாட் சுற்றி வரும். அபார்ட்மென்ட் ஓனரே வசூலித்தால் 7, 8 பாட் வரை போகும். ஏப்ரல் வெயிலில் ஏ.சி. ஓடும்போது இது பெரிய தொகை.

அப்புறம் டி.எம்.30. வெளிநாட்டவர் தங்க வந்தால், 24 மணி நேரத்துக்குள் ஹவுஸ் ஓனர் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்கணும். அதைப் பதிவு செய்யாத ஓனரால், பின்னாடி விசா நீட்டிப்பின்போது அலையப்போவது நீங்கள்தான். 'பண்ணிடலாம்'னு இழுத்தால் வேற ரூம் பாருங்க. சாவி வாங்கின அன்றே சுவர், மெத்தை, ஏ.சி., பாத்ரூம் குழாய், மின் மீட்டர் எண் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, ஓனருக்கு லைனில் அனுப்பிடுங்க. அங்கே எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் பதில் அந்த ஆப்பைத்தான் வச்சிருக்காங்க. காலி பண்ணும் நாளில் டெபாசிட்டைத் திரும்பக் கேட்க அந்தத் தேதி போட்ட மெசேஜ் கையில் இருக்கும்.