கொயோட்டியும் சுருக்குக் கண்ணியும்

மந்தையுடையான் உறங்கினும் மந்தையை நோக்கிய விலங்கு உறங்காது. இஃது ஆடுமாடு வளர்க்கும் தேசம் அனைத்திற்கும் பொதுவாகிய உண்மை. ஆயினும் அவ்விலங்கினத்தையே பூண்டோடு தொலைக்கக் கருதி, செல்வமும் ஆயுதமும் மிக்க ஓர் அரசாங்கம் பல்லாண்டு முயன்றும் கைகூடாதுபோன வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டினது. நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அதனை அறிதல் நலமெனக் கருதி ஈண்டுச் சுருங்க எழுதுவாம்.

கொயோட்டி என்பது நரிக்கு உறவாய், நரியினும் சற்றுப் பெரிதாய், ஓநாயினும் சிறிதாயுள்ள விலங்கு. மெக்சிகோவின் பழங்குடிகள் பேசிய நாவாட்டில் மொழிச்சொல் ஸ்பானியர் வாயிலாகத் திரிந்து இப்பெயராயிற்று. 1823-இல் தாமஸ் சே என்னும் இயற்கைநூற் புலவர், குரைக்கும் நாய் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்கு இட்டார். அக்காலத்து இவ்விலங்கு பெரும்பாலும் அக்கண்டத்தின் நடுவிலும் மேற்கிலுமுள்ள புல்வெளிகளிலும் பாலைகளிலுமே திரிந்தது.

வெள்ளையர் மேற்கே குடியேறிக் காட்டெருமைக் கூட்டங்களை அழித்து, அவை மேய்ந்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் நிரப்பினர். ஆட்டுக்குட்டிகளை இழந்த குடியானவனது துயரம் பொய்யன்று. ஓரிரவில் பல குட்டிகளை இழந்தவனுக்கு அவ்வாண்டு வருவாயே குறைந்துபோம். ஆகவே இரும்புப் பொறி, துப்பாக்கி, எட்டிக்கொட்டையினின்று எடுக்கும் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு ஆகிய யாவும் ஏவப்பட்டன. 1915-இல் அந்நாட்டுச் சட்டசபை இப்பணிக்கு 125,000 டாலர் ஒதுக்கிற்று. 1931-இல் இதற்கெனத் தனிச் சட்டமே பிறந்தது.

இனிக் கண்ணியின் இயல்பைக் கூறுவாம். கொயோட்டி தான் பழகிய தடத்தையே மீண்டும் மீண்டும் மிதிக்கும் வழக்கமுடையது. ஆடுமாடுகள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையும் அதற்கு உவப்பானதே. இதனையறிந்த வேட்டைக்காரன், முறுக்கிய எஃகுக் கம்பியால் 10 முதல் 12 அங்குல அகலமுள்ள வளையம் அமைத்து, அது செல்லும்போது தலை நுழையும் உயரத்தில் தொங்கவிடுவான். வளையத்திற் கோத்த பூட்டு, விலங்கு முன்னே இழுக்க இழுக்க இறுகும். டெக்சாஸ் நாட்டின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் கம்பிவலை வேலியிட்ட ஆட்டுப்பண்ணைகளில், வேலியடியிற் பறித்த புழையே கண்ணிக்கு உகந்த இடமாயிற்று. வேலியும் புதருமற்ற திறந்த மேய்ச்சல் நிலத்திலோ, வளையத்தைத் தாங்கத் தனிக் கம்பியும் முளையும் நாட்டவேண்டும்.

திறந்த வெளியிற் பெரியதோர் இடர் உண்டு. அத்தடத்திலே கள்வன் மட்டுமா நடக்கின்றான்? கன்றும், மானும், மந்தையைக் காக்கும் நாயுங்கூட அவ்வழியே வரும். கம்பிக்குக் குற்றவாளியென்றும் நிரபராதியென்றும் வேற்றுமை தெரியாது. அதனாலேயே பெருவிலங்கு இழுத்தால் அறுந்துபோகும் இணைப்பைக் கண்ணியிற் பொருத்தவேண்டுமெனப் பல ராஜ்யங்கள் விதித்துள்ளன. கொலராடோ மக்களோ 1996-இல் வாக்களித்து, சில விலக்குகளோடு, கண்ணியையும் நஞ்சையும் தடுத்தனர்.

இத்தனை முயற்சியின் பயன் யாது? ஓநாய் பெரும்பகுதி நாட்டினின்று மறைந்தது, கொயோட்டியோ பெருகிற்று. இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை அது பரவியுள்ளது. சிகாகோ போன்ற மாநகர்களிலும் குடியிருக்கின்றது. அதனை அடக்கிவந்த ஓநாய் ஒழிந்தமை ஒரு காரணம். கூட்டம் குறைந்த இடத்தில் இரை மிகுதலால் குட்டிகள் மிகுதியாய்ப் பிழைத்தல் மற்றொரு காரணம். யெல்லோஸ்டோன் வனத்தில் 1926-க்குள் அழிக்கப்பட்ட ஓநாயை 1995-இல் மீளக் கொணர்ந்தபின்னரே, அதன் வடபகுதியில் கொயோட்டித் தொகை ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. பல்லாண்டு நஞ்சு செய்யாததை இயற்கை சில ஆண்டிற் செய்தது காண்க!

கலிபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையிற் கண்ட உண்மை பின்னும் கருதற்பாலது. எல்லாக் கொயோட்டியும் ஆடு கொல்வனவல்ல. தம் எல்லையிற் குட்டி வளர்க்கும் இணைகளே பெரும்பாலும் கொல்வன. ஆதலின் கண்டவிடமெங்கும் கண்ணி வைப்பவன் பெரும்பாலும் குற்றமற்றதையே பிடிக்கின்றான். ஆடு இழந்த இடத்தருகே, கொன்றது வந்துசென்ற தடமறிந்து வைப்பவனே பயன்பெறுவான்.

1972-இல் அதிபர் நிக்ஸன், அரசாங்க நிலங்களில் இவ்விலங்குகளுக்கு நஞ்சிடுதலை ஆணையால் நிறுத்தினார். அதே பத்தாண்டில் பிரெனீஸ் மலையிலும் அனத்தோலியாவிலும் தொன்றுதொட்டு மந்தை காத்த பெருநாய்கள் அமெரிக்கப் பண்ணைகளிற் காவலுக்குப் புகுந்தன. இரவிற் பட்டியடைத்தலும், குட்டியீனும் பருவத்தில் அருகிருந்து பார்த்தலும் மீண்டும் மதிப்புப் பெற்றன. கண்ணியும் அறவே ஒழியவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டிகள் கொல்லப்படுகின்றன. எனினும் அவ்வினம் குன்றவில்லை.

அன்பர்களே, தன் பொருளைக் காத்தல் அறம். அதற்கு இடையூறு செய்த ஒன்றைத் தண்டித்தலும் நியாயமே. ஒன்று செய்த பிழைக்கு அதன் குலமனைத்தையும் பகைத்தால் பகையும் தீராது, பொருளும் நில்லாது. இதனை அயல்நாட்டார் நூறாண்டு நஷ்டத்தால் கற்றனர். நாம் அவர் வரலாற்றாலேயே கற்றுக்கொள்வோமாக.