ஊவா மலைத் தோட்டங்களிற் கூந்தல் பேணல்: நுனிவெடிப்பும் அதன் வரலாற்றுப் பின்னணியும்

மலைநாட்டுத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் ஏற்றுமதியான தேயிலையின் நிறையையும், தோணியிலும் புகைவண்டியிலும் வந்திறங்கிய தொழிலாளரின் தொகையையும் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். பிரட்டுக் களத்தில் வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணி தலைக்காசு பெற்றான் என்பதும் அந்நூல்களிற் காணப்படும். ஆயின், அத்தலை சுமந்தது யாது, அச்சுமையாலும் காற்றாலும் நீராலும் அத்தலைமயிர் அடைந்த நிலை யாது என்று ஆராய்ந்தார் அரியர். கூந்தலைப் பற்றிய ஆராய்ச்சி வரலாற்று மாணவனுக்குத் தகுவதோ என ஐயுறுவோர் உளராயின், பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண் மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து தலையவிழ்த்துச் சிக்கெடுக்கும் காட்சியை ஒருமுறை கண்டு வருவாராக. அவள் சீப்பிற் சிக்குவது மயிர் மாத்திரம் அன்று.

முதற்கண், நுனிவெடிப்பு என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். மயிர் தோலுக்கு உள்ளே வேரில் மட்டுமே உயிருடையது. வெளிப்பட்ட பகுதி நகத்தைப் போல உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதத்தால் ஆயது. அதன் புறத்தே ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பது போல நுண்ணிய செதில்கள் படிந்துள்ளன. வேரின் அருகே ஆறு முதற் பத்து அடுக்கு வரை இருக்கும் இச்செதில்கள், சீப்பும் துணியும் வெயிலும் உராய உராயத் தேய்ந்து, நுனியை அடையும்போது பல இடங்களில் முற்றும் நீங்கிவிடுகின்றன. காவல் நீங்கிய உள்நார்கள் பிரிந்து நிற்றலே நுனிவெடிப்பு. இதனைப் புழுவெட்டோடு சேர்த்து ஒன்றாகக் கருதுவோர் உளர். அது பிழை. புழுவெட்டு வேரைப் பற்றிய நோய். இதுவோ பழையது தேய்ந்து பிளவுறுதல்.

மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் வளரும். எனவே 60 சதமமீற்றர் நீண்ட கூந்தலின் நுனி ஐந்தாண்டு முதுமை உடையது. ஐந்து மாரியும் ஐந்து கோடையும் அந்நுனியின்மேற் கடந்து சென்றுள்ளன. வரலாற்று நோக்குடையார் இதனை மனத்திற் கொள்ளல் நன்று. நுனியிற் காணும் சிதைவு நேற்று நிகழ்ந்தது அன்று.

தமிழர் கூந்தலைப் பேணிய முறை பழமையானது. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என ஐவகையாக முடிக்கப் பெற்றமையின் கூந்தல் 'ஐம்பால்' எனப் பெயர் பெற்றது என்பர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை முன்னிட்டு எழுந்த நக்கீரர் கதை, மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்னும் வினாவையே அவைக்களத்து வழக்காக ஆக்கிவிட்டது. அக்கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், அத்தகைய வினா அரசன் அவையில் எழத் தக்கது எனப் பின்வந்தோர் கருதினர் என்பது தெளிவு. இவற்றினும் ஈண்டு வேண்டப்படுவது சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை தரும் செய்தியாகும். பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவி தன் கூந்தலை ஆட்டினாள் என்றும், பின்னர்ப் புகையில் அதனைப் புலர்த்தினாள் என்றும் இளங்கோவடிகள் கூறுகின்றார். ஈரக் கூந்தலை முறுக்கிப் பிழியாமலும் துணிகொண்டு அடித்து உலர்த்தாமலும் மென்புகையிற் புலரவிடுதல் எத்துணை அறிவுடைய செயல் என்பது பின்னர் விளங்கும். ஆயின் மாதவிக்குப் பணிப்பெண்கள் இருந்தனர், பொழுதும் இருந்தது.

ஊவாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்களுக்கு அவ்விரண்டும் இல்லை. அவர்தம் வருகையே தேயிலையோடு தொடர்புடையது. கோப்பி அறுவடை பருவத்துக்கு உரியது. ஆகவே கோப்பிக் காலத்தில் வந்தோருட் பெரும்பாலார் ஆடவர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதல் அறியப்பட்ட இடம் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியே என்பது குறிப்பிடத் தக்கது. அந்நோயாற் கோப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பற்றியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது; வாரந்தோறும் பறிக்க வேண்டுவது. அதற்குக் குடும்பமாகக் குடியிருப்போர் வேண்டப்பட்டனர். பெண்கள் பெருவாரியாக வந்தனர். ஊவா 1886இலே தனி மாகாணமாயிற்று. புகைவண்டிப் பாதை 1893இல் அப்புத்தளையையும், மறு ஆண்டிற் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் எட்டியது.

திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வறண்ட நிலப்பகுதிகளிலிருந்து வந்த இவர்கள் தத்தம் ஊரில் நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் தலைக்கு இட்டுப் பழகியவர்கள். சீகைக்காயும் அரப்பும் அவர்களுக்கு எளிதிற் கிடைத்த தேய்ப்புப் பொருள்கள். மலையில் அரப்பு மரம் ஏது? சீகைக்காய் கடைச்சரக்காயிற்று. நல்லெண்ணெய் தீபாவளி முழுக்குக்கு உரிய அரும்பொருளாக ஒடுங்க, நாள்தோறும் தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெயே வழக்கமாயிற்று. இம்மாற்றம் வறுமையால் வந்ததாயினும் கேடாக முடியவில்லை. அதன் காரணம் கீழே கூறப்படும்.

தொழிலின் இயல்பை இனி நோக்குவோம். கொழுந்துக் கூடை முதுகிலே தொங்கும். அதன் கயிறு தலையின் உச்சியிலே பதியும். பாரம் முழுவதையும் தாங்குவது அக்கயிறு. பல தோட்டங்களில் ஒரு நாளுக்குரிய அளவாக 18 கிலோ வரை கொழுந்து கேட்கப்படுகின்றது. ஒரே வேளையில் அவ்வளவும் கூடையில் இராது எனினும், சரிவிலே ஏறியும் இறங்கியும் குனிந்தும் நிமிர்ந்தும் பறிப்பவளின் உச்சியில் அக்கயிறு நாள் முழுவதும் அசைந்து அசைந்து உராய்கின்றது. கயிற்றின் கீழே மடித்த துணியிட்டு, அதன்மேற் கொங்காணி போட்டுக் கொள்வர். மழை வந்தாற் கம்பளி. முரட்டுக் கம்பளி நனைந்து தலையிற் படிந்தால், கீழிருக்கும் மயிரும் நனையும். நனைந்த மயிர் உலர்ந்த மயிரினும் எளிதில் நீண்டு எளிதில் அறும். அந்நிலையிற் கயிறும் உராயுமாயின் மயிர் இடையிலே முறியும். முறிந்த இடமே புதிய நுனி, அந்நுனி காவலற்றது, விரைவில் வெடிக்கும். ஆகவேதான் தோட்டத்துப் பெண்களிடம் கூந்தலின் கடைசியில் மாத்திரமன்றி உச்சியிற் குட்டையாக நிற்கும் மயிர்களிலும் வெடிப்புக் காணப்படுகின்றது. நகரத்துப் பெண்ணுக்கு நுனிவெடிப்பு அழகைப் பற்றிய கவலை. இவளுக்கோ அது தொழிலின் வடு. இடைவிடாது இழுபடும் இடத்தில் வேரே நலிந்து மயிர் உதிர்தலும் உண்டு. இதனை மருத்துவர் நன்கறிவர். கூலி நிர்ணயிப்போர் அறிந்ததாகத் தோன்றவில்லை.

ஊவாவிற்கே உரிய மற்றொரு காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று நடுமலையின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவின் பக்கம் இறங்குகின்றது. இதனையே கச்சான் என்பர். ஆடி, ஆவணி மாதங்களில் அப்புத்தளைக் கணவாய் வழியாக அது வீசும் வேகத்தை அனுபவித்தவர் மறவார். தேயிலைச் செடி அவ்வறட்சியால் வாடுதலினாலேயே அக்காலத்துக் கொழுந்துக்குத் தனி மணம் உண்டாகின்றது. யூலை முதற் செப்தெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றதும் இம்மணத்தாலேயே. அதே காற்றுத்தான் பறிப்பவளின் கூந்தலிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகின்றது. ஈரமிழந்த மயிர் வளையாது. ஒன்றோடொன்று உராய்ந்து சிக்குண்ணும். சிக்கெடுக்கும் சீப்பு அதனைக் கிழிக்கும். இலைக்கு மணம் தரும் மாதங்கள் கூந்தலுக்குப் பகை மாதங்களாகும். விலை கூடிய தேயிலையின் கணக்கில் இச்செலவு எழுதப்படுவதில்லை.

மூன்றாவது நீர். தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி, எண்ணெய் முழுக்கிற்கு வெந்நீரையே விதிக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரிலேனும் குளிர் தாங்கலாம். 1,400 மீற்றருக்கு மேற்பட்ட அப்புத்தளையில் விடியற்காலைப் பீலித் தண்ணீர் எலும்பைத் துளைக்கும். வெந்நீருக்கு விறகு வேண்டும். விறகுக்கு நேரம் வேண்டும். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓடுபவளுக்கு முழுக்கு நாள் வேலையற்ற ஞாயிறு ஒன்றே. செவ்வாய், வெள்ளி என்னும் பண்டை வரையறை மலையிலே இவ்வாறு நெகிழ்ந்தது. அந்த ஞாயிறும் ஒரு பீலிக்குப் பல குடும்பங்கள் என வரிசையில் நிற்பதிற் பாதி கழியும். பீலியடியில் துணிக்கிட்ட சவர்க்காரத்தையே தலைக்கும் இட்டு அலசி, ஈரத்தோடு இழுத்து வாரிக் கொண்டையிட்டு வருவோர் பலர். காரம் மிக்க சவர்க்காரம் மயிரின் செதில்களை நிமிர்த்திவிடும். சீகைக்காயோ காரமற்றது, அழுக்கை நீக்கிச் செதிலைப் படிய விடும். 'ஷாம்பு' என இன்று உலகெங்கும் வழங்குஞ் சொல், பிடித்தல், அமுக்குதல் எனப் பொருள்படும் இந்திச் சொல்லினின்று பிறந்தது. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் அப்பெயரால் குளியலகம் நடத்தினார். நம் நாட்டு முழுக்குக் கலை சீமைக்குச் சென்று குப்பியில் அடைபட்டு மீண்டும் நம் கடைக்கு வந்துள்ளமை ஒரு வேடிக்கை.

உணவின் குறைவும் ஈண்டு மறக்கத் தக்கதன்று. 1916ஆம் ஆண்டு தொடக்கம் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை மேற்கொண்டனர். அப்புழுவால் உண்டாகும் இரத்தச்சோகை மயிரை வேரிலேயே மெலிவிக்கும். மெலிந்து பிறந்த மயிர் மேற்கூறிய கயிற்றையும் காற்றையும் எவ்வாறு தாங்கும்?

இனிப் பரிகாரம். பிளந்த நுனியை மீண்டும் ஒட்டவல்ல மருந்து எதுவும் இல்லை. தடவும் தைலங்கள் சில நாள் ஒட்டியது போலக் காட்டும், அவ்வளவே. பிளவு மேல்நோக்கி ஏறுமாதலின், அதற்குச் சற்று மேலே கூரிய கத்தரியால் வெட்டுதலே வழி. மழுங்கிய கத்தரி நசுக்கிப் புதிய வெடிப்பை உண்டாக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் நறுக்கினாற் போதும். இதனை நம் பெண்கள் பலர் ஏற்பதில்லை. கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைந்தமை புறநானூற்றாலும் புலனாகும். ஆதலாற் கூந்தலிற் கத்தரி படுதலே அமங்கலம் என்னும் அச்சம் ஆழ வேரூன்றியுள்ளது. அச்சம் இயல்பே, ஆயினும் அது வழக்காறு முழுவதையும் உணர்ந்து எழுந்ததன்று. சுமங்கலிகள் கோயிலிற் பூமுடி கொடுக்கும் வழக்கம் தமிழகத்து முருகன் கோயில்களிலும் அம்மன் கோயில்களிலும் இன்றும் உண்டு. அங்கே வெட்டப்படுவது கூந்தலின் நுனியே. ஊவா மாகாணத்து எல்லைக்குள் இருக்கும் கதிர்காமக் கந்தனுக்கு முடி காணிக்கை நேர்ந்து, பிள்ளைகளோடு நடந்து செல்லும் தோட்டத்துத் தாய்க்கு, இறைவன் ஏற்கும் கத்தரியை இல்லத்தில் ஏற்பதில் என்ன தடை?

வருமுன் காத்தலில் தேங்காயெண்ணெய்க்கு உயர்ந்த இடம் உண்டு. 2003ஆம் ஆண்டில் மும்பையைச் சேர்ந்த றேலே, மொகிலே என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தியெண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் மயிரில் இட்டுச் சோதித்தனர். மயிர் கழுவப்படும்போது அதன் புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே எனக் கண்டனர். அதிலுள்ள லோரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதுமாதலின் மயிரின் உள்ளே புகவல்லது என்பது அவர் தந்த விளக்கம். கழுவிய பின் தடவுவதினும் கழுவுமுன் தடவுவது சிறந்தது என்பதும் அதனாற் பெறப்படும். வறுமையின் காரணமாக நல்லெண்ணெயை விட்டுத் தேங்காயெண்ணெயைக் கைக்கொண்ட மலைநாட்டுப் பாட்டிமார், அறியாமலே தம் பேத்தியர்க்கு நன்மை செய்துள்ளனர்.

எஞ்சியவை எளியன. ஈரத்தலையை வாராது, பழந்துணியால் ஒற்றி உலரவிட்டு, விரலாற் சிக்கு நீக்கி, பற்கள் அகன்ற மரச்சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக வாருதல். பொருத்துவாய் பிசிறாக நிற்கும் மலிவான பிளாஸ்திக் சீப்பைத் தவிர்த்தல். கச்சான் மாதங்களில் நுனியைப் பின்னலுக்குள் மறைத்து முடிதல். கூடைக் கயிற்றின் கீழ்ச் சாக்குத் துணிக்குப் பதிலாக வழவழப்பான பருத்தித் துணியை நான்காக மடித்து இடுதல். இக்கடைசி ஒன்றிற்கு ஆகும் செலவு ஒரு பழைய சேலைத் துண்டே. கயிற்றுக்குப் பதிலாகப் பாரத்தைத் தோள்களிற் பகிரும் அகன்ற வார்களை அமைப்பது தோட்ட நிருவாகத்தார் கையில் உள்ளது.