அடையாற்றின் வாய்

ஆறு கடலைச் சேரும் இடத்தில் நன்னீரும் உப்புநீரும் கலந்து நிற்கும் பரப்பைக் கழிமுகம் என்பர். பாறைச் சுவர்களுக்கிடையே கடலில் இறங்கும் பள்ளத்தாக்கு சென்னைக் கரையில் இல்லையாயினும், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடற்கரையைப் பிளந்து நிற்கும் அடையாற்றுக் கழிமுகம் ஒரு பழைய பள்ளத்தாக்கின் நிரம்பிய வாய் எனக் கருதத்தக்கது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரை பல கிலோமீட்டர் கிழக்கே விலகிக் கிடக்க, கீழைக் கரையின் ஆறுகள் வெளிப்பட்ட நிலத்தை அரித்துக்கொண்டு ஓடின. பின்னர்க் கடல் ஏறியபோது அவ்வழிகளில் உப்புநீர் புகுந்தது. ஆறு கொணர்ந்த வண்டலும் அலை ஒதுக்கிய மணலும் அவற்றைத் தூர்த்தன.

தூர்க்கும் அவ்வேலை இன்றும் ஓயவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகம் இவ்வோட்டத்தை மறித்ததால்தான் அதன் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அடையாற்றின் வாயிலோ, கோடையில் நீர்வரத்து குன்றியதும் இதே மணல் திட்டாக எழுந்து முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. உள்ளே நீர் தேங்கிக் கறுக்க, ஐப்பசி, கார்த்திகை வெள்ளமே திட்டை உடைத்து வழி திறக்கிறது.

இப்படித் தூர்ந்த ஆற்றின் ஆழமின்மை ஒருமுறை நாட்டின் வரலாற்றிலேயே குறுக்கிட்டது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தபின், அதைத் தமக்குத் தரவேண்டும் எனக் கோரிய ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். பிரெஞ்சுக்காரருக்கு உதவப் புதுச்சேரியிலிருந்து வந்த பாரடிஸ் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளரிடம் இருந்ததோ சுமார் 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களுமே. எனினும் வடகரையில் நின்ற படையைக் கண்டு தயங்காது, நடந்தே கடக்கத்தக்க இடத்தில் ஆற்றில் இறங்கி, கரையேறி, அணிவகுத்துச் சுட்டு முன்னேறிய அவர்கள் மாபூஸ்கானின் படையைச் சாந்தோம் வரை விரட்டினர். பயிற்சி பெற்ற சிறுபடை பெரும்படையை வெல்லும் என்று இப்போர் உணர்த்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவது சரியே. ஆனால் வென்ற அணியிலும் பெரும்பாலோர் இம்மண்ணைச் சேர்ந்த சிப்பாய்கள் என்பதை அதே அழுத்தத்துடன் சொல்லவேண்டும். போர் நடந்த இடத்தில் இன்று நினைவுச்சின்னமாகச் சொல்லத்தக்கது எதுவுமில்லை.

19-ஆம் நூற்றாண்டில் எல்ஃபின்ஸ்டன் பாலமும் 1973-இல் திரு.வி.க. பாலமும் இரு கரைகளை இணைத்தன. 1882-இல் பிரம்மஞான சபை தென்கரைத் தோட்டமொன்றை வாங்கித் தலைமையகம் ஆக்கியதால் அங்கே மரங்கள் தப்பின. வடகரையில் கழியின் கிளையான அடையாற்று ஓடைக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவ்வோடையால் சூழப்பட்டிருந்த குவிபிள் தீவு இப்போது பெயரளவில் மட்டுமே தீவு. சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடங்கள் தின்றபின், எஞ்சியதில் 58 ஏக்கர் 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாக மீட்கப்பட்டது.

முகத்துவாரத்துக்கு அருகே, மீனவர் கடந்து செல்வதற்காக 1967-இல் எழுப்பப்பட்ட பாலம் 1977 வெள்ளத்தில் இடையில் அறுந்து, இருபுறத் துண்டுகளும் நீரைப் பார்த்தபடி நிற்கின்றன. உடைந்த பாலம் என்பதே அதன் பெயராகிவிட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, வழியில் சேர்ந்த பிற ஏரிகளின் உபரிநீருடன் இவ்வாற்றில் பாய்ந்தபோது, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளை மூழ்கடித்த அவ்வளவு நீருக்கும் கடலை அடைய இருந்த வாசல் இது ஒன்றே. நீர் வடிந்தபின் மீண்டும் மணல் ஒதுங்கத் தொடங்கியது; திட்டு எழுந்த நாட்களில் தென்கரை ஊரூர் குப்பத்து மீனவர் அதன்மேல் நடந்தே வடகரைச் சீனிவாசபுரம் சேர்கின்றனர்.