மலைக்குறியிலிருந்து ஜிபிஎஸ் வரை: தென்சென்னைக் கடலில் இடமறிதல்

பல்லாவரம், தாம்பரம் பகுதிக் குன்றுகளுக்குக் கிழக்கே நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், கானத்தூர், கோவளம் எனக் கடலோரக் குப்பங்கள் தொடர்கின்றன. கட்டுமர மீனவருக்குக் கரை திரும்புவது பெரிய சிக்கல் அன்று. கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டான 'பார்' மீது மறுநாளும் தவறாமல் போய் நிற்பதே கடினம்.

இதற்குக் கரைக்குறிகள் உதவின. தொலைவில் ஒரு மலை, அதற்கு நேராகக் கரையில் ஒரு பனை அல்லது கோபுரம். வேறு திசையில் இதுபோல் இன்னொரு இணை. இரு நேர்கோடுகளும் வெட்டும் இடமே பார். இதே வட்டாரத்தில், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, 1802இல் வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து முக்கோண நில அளவையைத் தொடங்கினார். மீனவர் கருவியின்றிக் கண்ணால் செய்ததும் அதற்கு நெருங்கிய வடிவியலே. ஆனால் பனிமூட்டத்திலும் இருளிலும் குறி தெரியாது; மரம் வெட்டப்பட்டால் ஒரு கோடே போய்விடும்.

அமெரிக்கா ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை 2000 மே மாதம் நீக்கியது. அதுவரை ஏறத்தாழ 100 மீட்டர் வரை விலகிய அளவீடு அதன்பின் பெரிதும் துல்லியமானது. சிறிய பார் ஒன்றைத் தேடுபவருக்கு இந்த வேறுபாடே எல்லாம்.

படகுக்குக் கருவி தேர்வதில் வரைபட அழகு இரண்டாம்பட்சம். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டும். ஈரக்கைக்குத் தொடுதிரையைவிடப் பொத்தான் நல்லது. கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓட வேண்டும். கார்மின் ஜிபிஎஸ்மேப் 78 இவ்வகையைச் சேர்ந்தது. எண் வடிவத்தையும் முதலிலேயே சரிபார்க்க வேண்டும். 12 பாகை 47.30 கலை என்பது 12 பாகை 47 கலை 18 விகலை. அதை 30 விகலை என்று படித்தால் படகு சுமார் 370 மீட்டர் தள்ளி நிற்கும்.

கரைக்குறி தந்தை மகனுக்குக் காட்டிய அறிவு. கருவியில் பதிந்த எண்ணையோ யாரும் நொடியில் படியெடுக்கலாம். பாரின் இரகசியம் அத்தோடு போயிற்று.

இடமறிந்தால் மட்டும் உயிர் தப்பாது என்பதை 2017 ஒக்கி புயல் காட்டியது. கைபேசிக் கோபுரம் எட்டாத கடலிலும் எச்சரிக்கை பெற, ககன் செயற்கைக்கோள் வழி இயங்கும் 'ஜெமினி' கருவி 2019இல் அறிமுகமானது. அது செய்தியைப் பெறும். படகிலிருந்து கரைக்கு எதையும் அனுப்பாது.