வயிறு முட்ட மக்காச்சோளம்... ஆனாலும் சாகும் மான்கள்! என்ன காரணம்?

வயலில் மேய்ந்தால் மான் கொழுக்கத்தானே செய்யும்? ஆமாம். அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் போன்ற மக்காச்சோள மாநிலங்களில் வெள்ளைவால் மான்கள் அப்படித்தான் வளருது. பிறந்து 7 மாதத்திலேயே சினைபிடிக்கும் குட்டிகள்கூட அங்கே உண்டு.

ஆபத்து, தீனி திடீர்னு மாறும்போதுதான்.

மாடு மாதிரி மானும் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிரிகள்தான் தீனியைச் செரிக்க வைக்கும். பனிக்காலத்தில் குச்சி, மொட்டு என்று தின்னும் மானுக்கு நுண்ணுயிரிகளும் அதுக்கேத்த மாதிரி மாறியிருக்கும். அந்த நேரம் பார்த்து, இரக்கப்பட்டு யாராவது கொட்டிவைத்த மக்காச்சோளத்தை அது மொத்தமாகத் தின்றால், மாவுச்சத்து மளமளவென்று புளித்து லாக்டிக் அமிலமாகிடும். அமிலம் ரத்தத்தில் கலக்கும், உடம்பில் நீர் வற்றும். பல மான்கள் 1 முதல் 3 நாளில் இறந்துவிடும். அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய மக்காச்சோளம்!

நுண்ணுயிரிகள் புதுத் தீனிக்குப் பழக 2 முதல் 4 வாரம் ஆகும். அறுவடை முடிந்ததிலிருந்தே வயலில் சிந்தியதைப் பொறுக்கும் மான்கள் தப்பிப்பது அதனால்தான்.

இன்னொரு சிக்கல், ஒரே இடத்தில் கூட்டமாகத் தின்னும்போது நோயும் பரவும். நியூயார்க் மாநிலத்தில் காட்டு மானுக்குத் தீனி போடுவதே சட்டப்படி குற்றம்.